இடைச்சுரத்தில் கண்டவர்கள்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அதன் பென்ரோஸ் பகுதிக்கு வருவதில்லை. அவர்கள் பார்க்க இங்கே ஒன்றுமில்லை. கிடங்குகள், லாரிப் பட்டறைகள், ஜப்பானில் ஓடி முடித்துக் கப்பலில் வந்திறங்கிய பழைய கார்களை வரிசையாக நிறுத்தி விற்கும் முற்றங்கள். சாயங்காலம் ஷட்டர்கள் இறங்கிவிட்டால் தெருவில் ஆளரவம் இருக்காது. மழை விட்ட இரவுகளில் கிரேட் சவுத் ரோட்டின் ஈரத் தாரில் சிக்னல் விளக்கின் சிவப்பும் பச்சையும் கரைந்து வழியும். ரயிலை விட்டிறங்கி அந்த வழியே நடக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி வரும். இந்த நேரத்தில், இந்தத் தெருவில், ஒரு பையனும் பெண்ணும் ஒற்றைப் பையோடு, அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்தபடி எதிரே வந்தால் நான் என்ன செய்வேன்? நின்று கேட்பேனா, ஒதுங்கிப் போவேனா, போனை எடுத்து யாருக்காவது சொல்வேனா?

தப்பி ஓடும் காதலர்களைப் பற்றிய படங்களை இருபது வருடமாகத் தேடித் தேடிப் பார்த்து வருகிறேன். அந்தப் படங்கள் கேட்பதும் இதையேதான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். ஓடுகிறவர்கள் யார் என்பது முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வழியில் அவர்களைப் பார்க்கிறவர்கள் யார் என்பதுதான் மீதிப் படம்.

பார்க்கிறவர்களுக்குத் தமிழில் பெயரே உண்டு. கண்டோர். சங்க அகப்பாடல்களில் தலைவன், தலைவி, தோழி, செவிலி போலவே இவர்களும் பேசும் பாத்திரங்கள். பெற்றோர் அறியாமல் தலைவனும் தலைவியும் ஊரைவிட்டுப் போவதற்கு உடன்போக்கு என்று பெயர். போகும் வழி பாலை. அந்த வறண்ட வழியின் நடுவே எதிர்ப்பட்டு, இவர்களைப் பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முன்பின் தெரியாத மனிதர்களே இடைச்சுரத்துக் கண்டோர்.

குறுந்தொகையின் ஏழாம் பாடல் அப்படி ஒரு பார்வை. பெரும்பதுமனார் பாடியது. மூங்கில் அடர்ந்த காட்டுவழி. காற்றில் வாகை மரத்தின் காய்ந்த நெற்றுகள் சடசடக்கின்றன. கயிற்றின் மேல் கூத்தாடுகிறவர்களுக்குக் கொட்டும் பறையைப் போல் அந்த ஓசை கேட்கிறது. கண்டவர்களின் கண் முதலில் போவது கால்களுக்கு. அவன் காலில் கழல். அவள் காலில் இன்னும் சிலம்பு. மணத்துக்கு முன் சிலம்பு கழற்றும் சடங்கு இருந்த காலம் அது. கழற்றாத சிலம்பு ஒன்றே போதும், இவர்கள் மணமாகாமல் வீட்டைவிட்டு வந்தவர்கள் என்று தெரிந்துவிடும். ஒரு துப்பறிவாளனின் கண் அது. ஆனால் அந்தக் கண் கண்டுபிடித்ததை ஊருக்குச் சொல்ல ஓடவில்லை. யார் பெற்ற பிள்ளைகளோ என்று இரங்கி நிற்கிறது. கயிற்றில் நடக்கிறவனுக்கு அடிக்கும் பறையின் ஓசையை அந்தக் காட்சிக்குப் பின்னணியாக வைத்த கவிஞனை நினைத்தால் இன்றும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. கால் தவறினால் அவர்கள் விழப்போகும் ஆழம் அந்த ஓசைக்குள் இருக்கிறது.

கலித்தொகையில் இன்னொரு காட்சி. பாலை பாடிய பெருங்கடுங்கோ எழுதியது. மகளைத் தேடிப் புறப்பட்ட செவிலி, எதிரே வரும் துறவிகளிடம் பார்த்தீர்களா என்று கேட்கிறாள். பார்த்தோம் என்று அவர்கள் மறைக்காமல் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு, சந்தனம் மலையில் பிறந்தாலும் மலைக்கு அதனால் ஆவதென்ன என்று அவளையே திருப்பிக் கேட்கிறார்கள். தேடி வந்தவள் மனத்தைத் தேற்றுகிறார்கள், போனவர்களுக்கு வழியும் விடுகிறார்கள். ஓடும் காதலரைக் கண்ட சாட்சி எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல வசனத்தை எந்தத் திரைக்கதையிலும் நான் படித்ததில்லை.

உடன்போக்கு என்ற சொல்லில் இருவரும் சமம், உடன் போகிறார்கள். நான் வளர்ந்த தெருவில் அந்தச் சொல் இல்லை. இழுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்பார்கள். பெண்ணை ஓடுகாலி என்பார்கள். ஆணுக்கு அப்படி ஒரு வசைச்சொல் ஒட்டுவதில்லை. கண்டோரின் வாய் மாறிப்போன தூரத்தை இந்த இரண்டு சொற்களுக்கு நடுவே அளந்துவிடலாம்.

நள்ளிரவுப் பாலை

தொல்காப்பியர் பாலைக்குக் கொடுத்த பொழுது நண்பகல். சினிமா அதை நள்ளிரவாக்கியது. அந்த இருட்டுப் படங்களுக்கு நுவார் என்று பெயர். நுவார் என்றால் பிரெஞ்சு மொழியில் கறுப்பு. போர்க்காலத்தில் வராமல் நின்றிருந்த அமெரிக்கப் படங்கள் பாரிஸுக்கு மொத்தமாக வந்தபோது, 1946இல் நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர் அவற்றில் சிலவற்றை அந்தச் சொல்லால் குறித்தார். குற்றம், நிழல், தப்ப முடியாத விதி.

அந்த விதியோடு சாலையைச் சேர்த்தவர்களில் முன்னோடி ஃபிரிட்ஸ் லாங். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். ஓடிப்போவதன் பதற்றம் தெரிந்த அவர் 1937இல் 'யூ ஒன்லி லிவ் ஒன்ஸ்' எடுத்தார். சிறை மீண்ட ஒருவனும் அவனை நம்பிய பெண்ணும் எல்லையை நோக்கி ஓடும் கதை. அதற்கு மூன்று வருடம் முன்புதான், 1934 மே 23 அன்று, ஓடும் காதலர்களான போனி பார்க்கரும் கிளைட் பேரோவும் லூசியானாவின் ஒரு கிராமச் சாலையில் காருக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். அவர்கள் கொலையும் கொள்ளையும் செய்தவர்கள், அதில் ஐயமில்லை. அவர்களுக்குப் பொறி வைக்கப் போலீசுக்கு உதவியது சொந்தக் கூட்டாளி ஒருவனின் குடும்பம். அமெரிக்கப் படங்களில் கண்டோர் என்றால் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பவர் என்று ஆனதற்கு இந்தச் சம்பவத்தின் நிழலும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

இந்த வகையில் எனக்கு மிக நெருக்கமான படம் நிக்கலஸ் ரேயின் 'தே லிவ் பை நைட்'. 1947இல் எடுக்கப்பட்டு, 1949இல்தான் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. தப்பியோடும் காரை ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த காட்சியோடு தொடங்கும். அன்றைக்கு அது புதுமை. இருபதை ஒட்டிய வயதில் ஒரு பையன், ஒரு பெண். பஸ் நிற்கும் ஓர் ஊரில், காசு வாங்கிக்கொண்டு நடு இரவில் கல்யாணம் செய்துவைக்கும் ஒருவர் இருக்கிறார். இருபது டாலருக்கு ஒரு கல்யாணம். மலிவான வியாபாரி என்று முதலில் நினைப்போம். கடைசியில், எல்லை தாண்ட வழி செய்யுங்கள் என்று அந்தப் பையன் பணத்தோடு திரும்பி வரும்போது அவர் வாங்க மறுக்கிறார். உனக்குப் போக்கிடம் இல்லை, இல்லாத நம்பிக்கையை உனக்கு விற்க மாட்டேன் என்கிற பொருளில் சொல்கிறார். அடைக்கலம் கொடுத்த பெண்ணோ, தன் கணவனைச் சிறையிலிருந்து மீட்பதற்காக அந்தப் பையனைப் போலீசுக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறாள். அவளை வெறுக்கவும் படம் நம்மை விடுவதில்லை. அவளும் ஒருவனுக்காகத்தான் அதைச் செய்தாள். இரக்கமும் துரோகமும் இவ்வளவு அருகருகே நிற்கும் படங்கள் குறைவு.

அடுத்து வந்தது 'கன் கிரேசி', 1950. அதன் வங்கிக் கொள்ளைக் காட்சியில் கேமரா வங்கிக்குள் போவதே இல்லை. காரின் பின் இருக்கையிலேயே வெட்டில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. இயக்குநர் ஜோசப் எச். லூயிஸ் நம்மையும் அந்த வண்டியில் ஏற்றிவிட்டார். பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்குச் சம்பந்தமில்லை என்று அதற்குப் பிறகு சொல்ல முடியாது.

குன்றைத் தின்ற நிலம்

பாலை என்று தனியாக ஒரு நிலம் கிடையாது, குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் இயல்பு கெட்டுத் திரியும்போது பாலை பிறக்கிறது என்பது சிலப்பதிகாரம் தரும் இலக்கணம். பென்ரோஸில் குடியேறிய பிறகுதான் அதன் பொருள் எனக்கு முழுதாக விளங்கியது. இங்கே ரரோடோங்கா என்று இந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகள் அழைத்த எரிமலைக் குன்று ஒன்று இருந்தது. வெள்ளையர் வைத்த பெயர் மவுண்ட் ஸ்மார்ட். ரயில்பாதைக்கும் சாலைக்கும் எரிமலைக் கல் வேண்டும் என்று அந்தக் குன்றைத் தோண்டித் தோண்டியே தீர்த்துவிட்டார்கள். மலை நின்ற இடத்தில் இப்போது ஒரு விளையாட்டரங்கம். குறிஞ்சி திரிந்த பாலை என்றால் இதுதான். மலையின் உடம்பு சாலையாகப் படுத்துக் கிடக்கிறது.

கிரேட் சவுத் ரோடு பிறந்த கதையும் அப்படிப்பட்டது. கவர்னர் ஜார்ஜ் கிரே 1860களின் தொடக்கத்தில் படைவீரர்களைக் கொண்டு தெற்கு நோக்கி வெட்டிய ராணுவச் சாலை அது. 1863 ஜூலையில், பிரிட்டிஷ் ராணிக்கு விசுவாசப் பிரமாணம் செய்யாத மாவோரிகள் வைகாட்டோவுக்குப் போய்விட வேண்டும் என்று உத்தரவு வந்தது. மாங்கெரேயிலும் சுற்றுப்புறங்களிலும் தோட்டங்களையும் வீடுகளையும் விட்டுக் குடும்பம் குடும்பமாகத் தெற்கே போனார்கள். பின்னாலேயே அந்தச் சாலையில் படையும் போனது. கார்களை நான் எண்ணிக்கொண்டு நிற்கும் இந்தச் சாலை, பிறந்த காலத்திலேயே மனிதர்கள் துரத்தப்படுவதைக் கண்டது.

1873 டிசம்பரில் ஆக்லாந்தின் முதல் ரயில்பாதை இந்த வழியாக ஒனிஹங்கா துறைமுகத்துக்குப் போனது. 1953இல் ஆக்லாந்தின் முதல் மோட்டார்வே பக்கத்து எலர்ஸ்லியில் திறக்கப்பட்டது. ஊரைவிட்டுத் தெற்கே தப்ப நினைக்கிற பலர் பென்ரோஸின் ஓரத்தை உரசித்தான் போக வேண்டும்.

ஆனால் தப்பி எங்கே போவது? அமெரிக்கப் படத்தில் எப்போதும் மெக்சிகோ உண்டு. எட்டிப் பிடிக்க முடியாவிட்டாலும் கனவு காணவாவது ஓர் எல்லை இருக்கிறது. நியூசிலாந்தில் எந்தச் சாலையும் கடலில் போய் முடிகிறது. வடக்கே கேப் ரெயிங்காவில் தொடங்கி, நடுவில் குக் நீரிணையைக் கப்பலில் கடந்து, தெற்கே பிளஃப் வரை ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். அவ்வளவுதான் நாடு. தீவில் ஓடுகிறவர்களின் கதைக்கு இயல்பிலேயே நுவாரின் இறுக்கம் வந்துவிடுகிறது.

இந்த நாட்டின் முதல் முழுநீளக் கதைப்படமே ஒரு பெண் இரவில் தப்பிப்போன கதைதான். 1914இல் ஜார்ஜ் டார் எடுத்த 'ஹினெமோவா'. ரொட்டோருவா ஏரிக்கரையில் வாழ்ந்த ஹினெமோவா, ஏரி நடுவே மொக்கோயா தீவில் இருந்த துட்டானெகையைக் காதலித்தாள். குலம் ஒப்பவில்லை. அவள் போய்விடக் கூடாதென்று படகுகளையெல்லாம் கரையேற்றி வைத்தார்கள். அவள் சுரைக்குடுக்கைகளைக் கட்டிக்கொண்டு, இருட்டில் அவன் ஊதும் குழலோசையைத் திசையாக வைத்து நீந்திப் போனாள். படச்சுருள் காலத்தில் தொலைந்துவிட்டது. கதை மாவோரிகளிடம் பெருமையாக வாழ்கிறது. ஓடிப்போன பெண்ணைத் தங்கள் முன்னோர் கதையின் நாயகியாக வைத்துப் போற்றும் ஒரு சமூகத்தின் முன் நான் தலை வணங்குகிறேன்.

பிறகு நீண்ட வறட்சி. 1940க்கும் 1970க்கும் இடையே நியூசிலாந்தில் எடுக்கப்பட்ட கதைப்படங்கள் மூன்றே மூன்று. மூன்றிலும் ஜான் ஓஷே என்ற ஒரே மனிதரின் கை இருந்தது. அதில் 1964இல் வந்த 'ரன்அவே' கறுப்பு வெள்ளைப் படம். கடனில் மூழ்கிய ஓர் ஆக்லாந்து இளைஞன் முதலில் வடக்கே ஓடுகிறான், பிறகு தெற்குத் தீவின் மலைகள்வரை ஓடுகிறான். அழகான கடற்கரைகளையும் மலைகளையும் ஒளிய இடமில்லாத வெளியாக மாற்றிக் காட்டினார் ஓஷே. அன்றைய ரசிகர்கள் அதை ஏற்கவில்லை. எனக்கோ, பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அது வேர் என்று தோன்றுகிறது.

1981இல் ஜெஃப் மர்ஃபியின் 'குட்பை போர்க் பை' வந்தபோது நாடே கொண்டாடியது. வட முனைக்கு அருகே கைட்டாயாவிலிருந்து தென்கோடி இன்வர்கார்கில் வரை ஒரு மஞ்சள் மினி கார். ஒருவன் தன்னைவிட்டுப் போனவளைத் தேடிப் போகிறான், கூட ஒரு துடுக்கான இளைஞன், வழியில் ஏறிக்கொள்ளும் ஒரு பெண். பெட்ரோலுக்குக் காசில்லாமல் காரின் பாகங்களையே கழற்றி விற்றுக்கொண்டு போகிறார்கள். போலீஸ் துரத்தத் துரத்தச் செய்திகளில் அவர்கள் பெயர் பெரிதாகிறது. சாலையோர மனிதர்கள் பலர் அவர்கள் பக்கம் நிற்கிறார்கள். நுவார் என்று சொல்ல முடியாத வெளிச்சமான படம் அது. ஆனாலும் கண்டோர் கை கொடுத்தால் இதே கதை எவ்வளவு லேசாகிவிடும் என்று காட்டுவதால் இந்த வரிசையில் அதற்கு இடம் உண்டு.

2009இல் நிஜத்திலும் ஒன்று நடந்தது. அதுவும் ரொட்டோருவாவில். பெட்ரோல் நிலையம் நடத்திய ஒருவர் கடன் வசதி கேட்க, வங்கி தவறுதலாக ஒரு கோடி டாலருக்கு வரம்பு கொடுத்துவிட்டது. அவரும் காதலியும் கிடைத்த பணத்தோடு ஹாங்காங் பக்கம் பறந்துவிட்டார்கள். இரண்டு வருடங்களுக்குப் பிறகு இருவரும் பிடிபட்டு, 2012இல் தண்டனை பெற்றார்கள். 2019இல் அது தொலைக்காட்சிப் படமும் ஆனது. பணத்தைத் துரத்திய கதை என்பதாலோ என்னவோ, அது என்னைத் தொடவில்லை.

திருவல்லிக்கேணி மேன்ஷன்

என்னைத் தொட்டது 2004இல் பாலாஜி சக்திவேல் எடுத்த 'காதல்'. ரயில் பயணத்தில் ஒருவர் சொல்லக் கேட்ட உண்மைக் கதை என்று இயக்குநரே சொன்ன படம். மதுரையில் ஒரு மெக்கானிக், ஒரு பெரிய இடத்துப் பெண். பஸ் ஏறிச் சென்னை வருகிறார்கள். தங்க இடம் தேடி அலையும் அந்தப் பகுதியை இதயம் அடித்துக்கொள்ளாமல் என்னால் பார்க்க முடியாது. பணமில்லை, தெரிந்தவன் ஒரே ஒருவன், அவனும் மேன்ஷனில் ஒண்டியிருப்பவன். பெண்களை உள்ளே விடாத அந்த மேன்ஷனின் ஆண்கள், யாரென்றே தெரியாத இந்தப் பிள்ளைகளுக்குச் சேர்ந்து நின்று கல்யாணம் செய்துவைக்கிறார்கள். இடைச்சுரத்துக் கண்டோர் இரண்டாயிரம் வருடம் கழித்துத் திருவல்லிக்கேணியில் திரும்பி வந்த தருணம் அது. அன்பாகப் பேசி அழைத்துப் போகும் பெண்ணின் சித்தப்பாவுடைய காரில் அவர்கள் ஏறும்போது, மேன்ஷன்காரர்கள் வாழ்த்தி அனுப்பிவைக்கிறார்கள். வாழ்த்துகிறவர்களின் வெள்ளை மனமே அங்கே பேரழிவாகிறது.

ஐந்து வருடம் கழித்துச் சமுத்திரக்கனியின் 'நாடோடிகள்' கண்டோரையே நாயகர்களாக்கியது. சேர்த்து வைக்கப்போன நண்பர்களில் ஒருவனுக்குக் கால் போகிறது, ஒருவனுக்குக் காது. சேர்ந்தவர்களோ சீக்கிரமே பிரிந்துவிடுகிறார்கள். உதவியவனின் வலியைச் சொன்னதற்காக அந்தப் படத்தை மதிக்கிறேன். ஆனால் பிரிந்தவர்களைக் கடத்தி வந்து கணக்குக் கேட்கும் அதன் கோபம் எனக்கு உடன்பாடில்லை. கை கொடுத்தவனுக்கு இன்னொருவர் வாழ்க்கையின் மேல் பட்டா கிடைத்துவிடாது.

நாகராஜ் மஞ்சுளேயின் மராத்திப் படம் 'சைராட்' 2016இல் வந்தது. ஓடிவந்த இருவர் ஹைதராபாத்தில் திக்கற்று நிற்கும் இரவில், தோசைக்கடை நடத்தும் ஒரு பெண் அவர்களைக் கூட்டிப் போய்த் தன் பக்கத்தில் ஒரு குடிசையறை கொடுக்கிறாள். அறிவுரை சொல்வதில்லை, வேலை வாங்கித் தருகிறாள். அந்த அக்கா இருந்ததால்தான் அவர்களுக்குச் சில வருட வாழ்க்கையாவது கிடைத்தது.

மறுபக்கம் சனல்குமார் சசிதரனின் மலையாளப் படம் 'எஸ் துர்கா'. 2017இல் ராட்டர்டாம் திரைவிழாவில் டைகர் விருது வாங்கியது. அச்சு அசலான நுவார் சாலைப் படம். கேரளத்து இரவுச் சாலையில், ரயில் நிலையம் போக வேண்டிய ஒரு காதல் ஜோடி. ஒரு வேன் நிற்கிறது. ஏறிக்கொள்ளுங்கள், இறக்கிவிடுகிறோம் என்கிறார்கள். பயந்து இறங்குகிறார்கள். சாலையில் இன்னும் பயம். வேறு வழியின்றி மறுபடி அதே வேன். கொலை இல்லை, ரத்தம் இல்லை. உதவுகிறோம் என்கிற குரலே படம் முழுக்க நம் கழுத்தைப் பிடித்திருக்கிறது. கண்டோரைப் பார்த்து இவ்வளவு நடுங்கியதாக எனக்கு நினைவில்லை.

திரைக்கு வெளியே நடப்பது இன்னும் கொடியது. 2003இல் விருத்தாசலம் அருகே, பதிவுத் திருமணம் செய்துகொண்ட ஒரு தலித் பொறியாளரும் அவர் மனைவியும் ஊரார் கண்ணெதிரே நஞ்சூட்டிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார்கள். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வர 2021 ஆயிற்று. தண்டிக்கப்பட்டவர்களில் போலீஸ்காரர்களும் உண்டு. அங்கேயும் கண்டோர் இருந்தார்கள். அத்தனை பேர் கண்டார்கள்.

2018 மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படி வருகிறவர்களுக்கு மாவட்டந்தோறும் பாதுகாப்பு இல்லம் அமைப்பதை மாநிலங்கள் பரிசீலிக்கலாம் என்றது. தனிப்பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்றது. ஆக்லாந்தில் 1995 முதல் இயங்கிவரும் சக்தி என்ற அமைப்பு, வீட்டுக்குள் அடிபட்டோ கட்டாயக் கல்யாணத்துக்குப் பயந்தோ வெளியேறும் ஆசியப் பெண்களுக்கு அடைக்கலம் தருகிறது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்தும் சாதியையும் குடும்ப மானத்தையும் நம்மில் பலர் பெட்டியில் மடித்துக் கொண்டுவந்திருக்கிறோம். அந்தப் பெட்டியைத் திறந்து காட்டும் ஒரு தமிழ்ப் படத்துக்காகக் காத்திருக்கிறேன்.

அந்தப் படம் பென்ரோஸில் நடக்க வேண்டும் என்பது என் ஆசை. எந்த இரவு என்றுகூட முடிவு செய்து வைத்திருக்கிறேன். 2014 அக்டோபர் 5. அன்று அதிகாலை பென்ரோஸ் துணைமின் நிலையத்தில் கேபிள்கள் தீப்பிடித்து எரிந்தன. ஆக்லாந்தின் கிழக்குப் பக்கம் பல்லாயிரம் வீடுகள் இருளில் மூழ்கின. என் படத்தில் அந்த இருட்டுக்குள், ஒரு பெட்ரோல் நிலையத்தில், ஓடிவந்த ஒரு ஜோடியோடு ஒரு பழைய ஜப்பானியக் கார் வந்து நிற்கிறது. சாவியைத் திருப்பும்போதெல்லாம் அவர்களுக்குப் புரியாத ஜப்பானிய மொழியில் எதையோ சொல்லும் கார். பெட்ரோல் முள் அடியில் கிடக்கிறது. மின்சாரம் இல்லாததால் பம்பு ஓடாது. கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் இரவு வேலைக்கு உட்கார்ந்திருப்பவர் நம் ஊர்க்காரர், நடுவயது, கையில் டார்ச்.

வெளிச்சம் முதலில் அந்தப் பெண்ணின் கைகளில் விழுகிறது. முழங்கைவரை மருதாணி, இன்னும் சிவப்பு மங்கவில்லை. கூட நிற்கும் பையனின் கையில் ஒன்றுமில்லை. வேறொருவனுக்காக வைத்த மருதாணி என்று அவருக்குப் புரிந்துவிடுகிறது, சிலம்பைப் பார்த்ததும் அன்று கண்டோருக்குப் புரிந்ததுபோல. மேசையில் அவர் போன் கிடக்கிறது. நகரத்தில் இருக்கிற நம் ஆட்களில் பாதிப் பேரின் எண் அதில் இருக்கும்.

அவர் டார்ச்சை அணைக்கிறார். எழுந்து வந்து, இரவில் திறக்கக் கூடாதென்று சொல்லி வைத்திருக்கிற அந்தக் கதவின் தாழை நீக்குகிறார்.

"சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?"